வாலைத் தூக்கினால் வேண்டாம் என்று அர்த்தம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பாத்தி முட்டைகோஸ் போட்டிருக்கிறார். விற்க இல்லை, வீட்டுக்குத்தான். மருந்து அடிப்பதில்லை என்பதால் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது கல்யாண மண்டபம் மாதிரி. போன மார்ச்சில் ஒரு நாள், பனி விலகி வெயில் ஏறின நேரம், கோஸ் இலை மேல் ஒரு பெண் பூச்சி உட்கார்ந்திருந்தது. இறக்கைகளை இலையோடு இலையாகத் தட்டையாக விரித்துவிட்டு, உடம்பின் பின்பகுதியை மட்டும் செங்குத்தாக வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்திருந்தது. அதற்கு அரை அடி மேலே ஓர் ஆண் படபடவென்று அடித்துக்கொண்டு, இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தது.

“ஜோடி சேரப் போகுது தம்பி, அப்புறம் முட்டை வெச்சு இலையெல்லாம் தின்னு தீத்துடும்” என்றார் அக்கா.

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விஷயம் நேர் எதிர். அது அழைப்பு இல்லை, மறுப்பு. ஏற்கெனவே ஓர் ஆணோடு சேர்ந்துவிட்ட பெண், ‘எனக்கு ஆச்சு, நீ கிளம்பு’ என்று சொல்கிற விதம். பின்பகுதி அப்படி நட்டுக்கொண்டு நிற்கும்போது ஆணால் தன் உடம்பை வளைத்து அதோடு கோக்க முடியாது. இது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டது.

சைகையோடு ஒரு வாசனையும் போகிறது, எனக்கு இதில் பிடித்த பகுதி அதுதான். நம் மலையில் பறக்கும் கோஸ் வெள்ளைக்குப் பியரிஸ் கனிடியா என்று பெயர். ஐரோப்பாவில் இதற்குப் பியரிஸ் நாப்பி என்று ஒரு பங்காளி உண்டு, இறக்கையின் அடிப்பக்கம் பச்சை நரம்பு ஓடும். அந்தப் பங்காளியை வைத்து சுவீடனில் ஆண்டர்சன், போர்க்-கார்ல்சன், விக்லுண்ட் என்ற மூன்று பேர் 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூடும்போது ஆண், விந்தோடு சேர்த்து மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளையும் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. அடுத்த ஆண் துரத்தி வரும்போது பெண் பின்பகுதியைத் தூக்க, அந்த வாசனை வெளியே வருகிறது. வந்தவனுக்கு அதோடு ஆசை அடங்கிவிடுகிறது. இன்னும் கூடாத பெண்களின் மேல் இந்தப் பொருளைத் தடவிப் பார்த்தபோது ஆண்கள் அவற்றையும் விட்டு விலகின.

மெத்தில் சாலிசிலேட் என்றால் ஏதோ லேபரட்டரி சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியில் தைலக் கடைக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் ஆயில் என்று ஒரு பாட்டில் நிற்குமே, அதுதான். சோலை ஓரங்களில் தானாக வளரும் கோல்தேரியா செடியின் இலையிலிருந்து வடிப்பது, கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலிக்குத் தடவுகிற முக்கால்வாசிக் களிம்பில் வருகிற வாசனையும் இதுதான். ஆக, அந்த ஆண் பூச்சி துணைக்கு ஒரு துளி மூட்டுவலித் தைலம் தடவிவிட்டுத்தான் கிளம்புகிறது.

சரி, இதில் யாருக்கு லாபம்? முதல் பார்வைக்கு இரண்டு பேருக்கும். முட்டை போட நல்ல வெயில் நேரம் ஒரு நாளில் கொஞ்சம்தான், அதையும் துரத்தல்காரர்களைச் சமாளிப்பதிலேயே கழித்தால் பெண்ணுக்கு நஷ்டம். தைல வாசனை அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறது. முட்டையெல்லாம் தன்னுடையதாக இருக்கும் என்பது ஆணுக்கு லாபம். நல்ல குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் ஆண் கொடுப்பது தைலத்தை மட்டும் இல்லை. விந்தை ஒரு பொட்டலமாகக் கட்டித்தான் கொடுக்கிறது, பியரிஸ் நாப்பியில் அந்தப் பொட்டலம் ஆணின் எடையில் சராசரியாக 15 சதவீதம் வரும். அறுபது கிலோ ஆள் ஒன்பது கிலோ சீர் தூக்கிக்கொண்டு வருகிற கணக்கு. அதில் பெரும்பங்கு சத்து. பெண் அதைச் செரித்து முட்டைக்கும் தன் உடம்புக்கும் எடுத்துக்கொள்கிறது. அதனால் இந்த இனத்தில் பல தடவை கூடுகிற பெண் கூடுதல் நாள் வாழ்கிறது, கூடுதல் முட்டையும் இடுகிறது. அவளுக்கு இரண்டாவது சீர் வேண்டும். முதல் ஆணுக்கோ இரண்டாவது ஒருவன் வரவே கூடாது.

இப்போது அந்தத் தைலத்தை மறுபடி முகர்ந்து பாருங்கள். இன்று காலை தொல்லை தீர்க்கிற அதே வாசனை, சில நாள் கழித்து அவளுக்கு வேண்டிய விருந்தாளியையும் வாசலோடு திருப்பி அனுப்பக்கூடும்.

இதோடு நிற்கவில்லை. வண்ணத்துப்பூச்சி ஆண்கள் இரண்டு வகை விந்தணு தயாரிக்கின்றன, பெரும்பான்மை வகையால் கருத்தரிக்கவே வைக்க முடியாது. எதற்கு இந்த வெட்டி உற்பத்தி? பெண்ணின் விந்துப் பையில் இவை போய் நிரம்பி நின்றால் அவள் அடுத்த துணை தேடுவது தள்ளிப்போகிறது என்று குக், வெடல் என்ற இருவர் 1999-இல், இதே பியரிஸ் நாப்பியில், காட்டினார்கள். சினிமா தியேட்டரில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலை. அதோடு, கோஸ் வெள்ளைகளில் பொட்டலத்தின் வெளி உறை சுலபத்தில் உடையாத கெட்டி உறை. அது உடைந்து காலியாக எவ்வளவு நாள் ஆகிறதோ அவ்வளவு நாள் ஆணுக்கு லாபம். பெண் விடுவாளா? பொட்டலம் போய்ச் சேருகிற பையின் உள்சுவரில் பல் மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது, பையின் தசைகள் பொட்டலத்தை அதன் மேல் வைத்து அழுத்தி உடைக்கின்றன, செரிக்கும் நொதிகளும் அங்கேயே சுரக்கின்றன. கருப்பாதைக்குள் ஒரு தாடை, ஒரு வயிறு. பொட்டலம் கெட்டியானதால் பல் வந்ததா, பல் வந்ததால் உறை கெட்டியானதா என்று கேட்டால் கோழியா முட்டையா கதைதான், இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தி வந்தவை.

நடுவில் மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு. கரும்புக்காரர்களுக்கு டிரைக்கோகிராமா அட்டை தெரிந்திருக்கும், தோட்டத்தில் கட்டிவிட்டால் குட்டிக் குளவிகள் வெளிவந்து பூச்சி முட்டைக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடும். அந்த இனக் குளவி ஒன்று, ஐரோப்பாவின் பெரிய கோஸ் வெள்ளையில் ஆண் பூசிவிடும் வாசனையை (அதில் வேறு ரசாயனம், பென்சைல் சயனைடு) மோப்பம் பிடித்து, கூடி முடித்த பெண்ணின் மேல் ஏறிக்கொள்கிறது. ஓசி சவாரி. அவள் முட்டையிட இறங்கும் இடத்தில் இதுவும் இறங்கி, சுடச்சுட முட்டைகளில் தன் வேலையை முடித்துவிடுகிறது. 2005-இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தது. ஆண் போட்ட பூட்டின் சத்தம் திருடனுக்கும் கேட்டுவிட்டது.

பூச்சிகளின் இனப்பெருக்கத்தை ஒத்துழைப்பு என்ற ஒரு பக்கத்திலிருந்து பார்த்தே பழகிவிட்டோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து அடுத்த தலைமுறையை உண்டாக்குகிறார்கள், அவ்வளவுதானே என்று. இங்கிலாந்தில் ஜெஃப் பார்க்கர் மாட்டுச் சாணியில் ஈக்களைப் பார்த்துப் பார்த்தே 1970-இல் விந்தணுப் போட்டி பற்றி எழுதினார், 1979-இல் ஆண் பெண் நலன்கள் மோதுவதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் வாரத்துக்கு விட்ட நிலம்தான். விளைச்சல் வேண்டும் என்பதில் நிலக்காரருக்கும் பயிர் வைப்பவருக்கும் சண்டையே இல்லை, உரம் யார் காசில், எவ்வளவு, எப்போது என்பதில்தான் எல்லாச் சண்டையும். அடுத்த வருஷம் இருக்கப் போவதில்லை என்று தெரிந்த குத்தகைக்காரர் வரப்பை வெட்டிச் சீர்செய்ய மாட்டார். அதே ஆள் இருபது வருஷம் இருப்பார் என்றால் கிணறே தோண்டுவார். பூச்சிகளில் எங்கே மோதல் முற்றுகிறது, எங்கே தணிகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழிகாட்டி இந்த வரப்புக் கணக்குதான்.

முற்றின இடங்களைப் பார்ப்போம். கும்பிடுபூச்சி ஆணைத் தின்னும் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம், அது பெரும்பாலும் பெண்ணின் பசியைப் பொறுத்தது. எங்கள் தேயிலைச் சரிவின் கீழே ஓடும் ஓடையில் தண்ணீர் மேல் வழுக்கி ஓடுகிற பூச்சிகளுக்கு வருவோம். சிறு பிள்ளையிலிருந்து பார்த்தும் அங்கே நடக்கிற மல்யுத்தம் என் கண்ணில் பட்டதில்லை, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் போவதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் குடும்பத்தில் பல இனங்களில் ஆண் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பெண்ணின் முதுகில் தாவி ஏறிப் பிடித்துக்கொள்ளும், அவள் குட்டிக்கரணம் போட்டு உதறப் பார்ப்பாள். ஆணின் உடம்பில் பிடிக்கிற கொக்கிகள் நீண்டால், பெண்ணின் உடம்பில் பிடியை விடுவிக்கிற முள்ளும் வளைவும் நீளும். ஆர்ன்குவிஸ்ட், ரோ இருவரும் 2002-இல் பதினைந்து இனங்களை ஒப்பிட்டு, இந்த ஆயுதங்கள் ஜோடி ஜோடியாக ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். யார் ஒரு படி முந்தியிருக்கிறாரோ அந்த இனத்தில் கூடலை முடிவு செய்வது அவர்தான்.

இதில் கொரியாவில் கண்ட ஓர் இனம் இருக்கிறது, படித்தபோது எரிச்சலே வந்தது. அதில் பெண்ணுக்கு மூடி போல ஒரு கவசம் இருப்பதால் அவள் திறக்காமல் ஒன்றும் நடக்காது, பலாத்காரத்துக்கு வழியில்லை. அதனால் ஆண் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு காலால் தண்ணீரைத் தட்டுகிறது. தட்டினால் அலை போகும், அலையைக் கேட்டு அடியில் நீந்தும் கொலைகாரப் பூச்சி வரும், வந்தால் தண்ணீரை ஒட்டி இருக்கிற பெண்தான் முதலில் சிக்குவாள், மேலே இருப்பவன் இல்லை. சீக்கிரம் சம்மதித்தால் தட்டுவது நிற்கும். 2010-இல் ஹான், யப்வோன்ஸ்கி என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இதற்கு மிரட்டல் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது மூட்டைப்பூச்சி. சீசனில் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தவை, அதனால் இவற்றின் குடும்பச் சண்டையைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஆர்வமும் உண்டு. பெண்ணுக்கு முறையான கருப்பாதை இருக்கிறது, முட்டையிட மட்டும்தான் அது பயன்படுகிறது. ஆணின் உறுப்பு ஒரு வளைந்த ஊசி. அதை அவள் வயிற்றுச் சுவரில் குத்தி, நேராக உடம்புக்குள் விந்தைச் செலுத்துகிறது, விந்தணுக்கள் ரத்தத்தில் நீந்தி சினைப்பை பக்கம் போய்ச் சேருகின்றன. முட்டைக்குச் சில கூடல்களே போதும், நடப்பது அதைவிடப் பல மடங்கு, ஒவ்வொரு குத்தும் ஒரு புண், புண் வழியே கிருமி, அவள் ஆயுசு குறைகிறது. பதிலுக்கு அவள் உடம்பு ஒரு புது உறுப்பையே உண்டாக்கியிருக்கிறது: குத்து விழும் இடத்துக்குக் கீழே, கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள் நிறைந்த ஒரு மெத்தை. குத்தைத் தடுக்க முடியாவிட்டால் குத்து விழும் இடத்திலேயே ஆஸ்பத்திரி கட்டிவிடு என்கிற வழி.

சரி, இந்தச் சண்டையெல்லாம் நாம் பார்த்துச் சொல்கிற கதையா, உண்மையிலேயே பரிணாமம் இப்படித்தான் இழுபறியாக ஓடுகிறதா? இதற்கு நல்ல பதில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுகிற குட்டிப் பழ ஈயிடமிருந்து வந்தது. அதன் விந்துத் திரவத்தில் இருக்கும் சில புரதங்கள் பெண்ணை அதிக முட்டை போட வைக்கின்றன, அடுத்த ஆணை மறுக்க வைக்கின்றன, அந்தத் திரவமே அவள் ஆயுசையும் குறைக்கிறது. வில்லியம் ரைஸ் 1996-இல் ஒரு தந்திரமான சோதனை செய்தார். ஆண்களைத் தலைமுறை தலைமுறையாக மாற விட்டார், பெண்களை மட்டும் மாறாத பழைய சரக்கிலிருந்தே எடுத்துக்கொடுத்தார். நாற்பது தலைமுறை வாக்கில் ஆண்கள் போட்டியில் கெட்டிக்காரர்கள் ஆகியிருந்தன, அவற்றோடு கூடின பெண்கள் சீக்கிரம் செத்தன. ஒரு பக்கத்தின் கையைக் கட்டிப்போட்டால் மறுபக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று அதில் தெரிந்தது.

மூன்று வருஷம் கழித்து அவரும் ஹாலந்து என்ற இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து கயிற்றை மறுபக்கமாக இழுத்தார்கள். ஒரு ஆணுக்கு ஒரு பெண், சாகும் வரை வேறு யாரும் கிடையாது என்று பல தலைமுறை ஈக்களை வளர்த்தார்கள். அவள் முட்டைதான் அவனுக்கு இருக்கிற ஒரே சொத்து, அவளைக் கெடுத்தால் அவனுக்கே நஷ்டம். ஆண்களின் விஷம் குறைந்தது, பெண்களின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்தது. ஈக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை, குத்தகைக் காலத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இயற்கையில் இப்படி நீண்ட குத்தகை எங்கே என்றால், காரமடைப் பக்கம் எங்கள் அம்மா ஊரில் மழை விட்ட சாயங்காலம் விளக்கடியில் குவியும் ஈசல். ஒரு நாள் வாழ்வுக்கு ஈசலை உதாரணம் சொல்வோம், வறுத்துத் தின்னவும் செய்வோம். பறந்ததில் பெரும்பாலானவை அன்றே பல்லிக்கும் காக்கைக்கும் போய்விடுகின்றன என்பது சரி. தப்பின ஜோடி இறக்கையை உதிர்த்துவிட்டு, பெண் முன்னால் ஆண் பின்னால் என்று ஒட்டிக்கொண்டு ஓடி, இரண்டுமாக மண்ணைத் தோண்டி உள்ளே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த ராஜாவும் ராணியும் ஒரே அறையில் வருஷக்கணக்கில், சில இனங்களில் பத்து வருஷத்துக்கு மேலும், சேர்ந்தே வாழ்கின்றன. முதல் குஞ்சுகளை இரண்டும் சேர்ந்தே வளர்க்கின்றன. ஊசியும் இல்லை, கொக்கியும் இல்லை. ஈசலை அற்பாயுசு என்று சொன்ன நாம் அந்தப் புற்றைத் தோண்டிப் பார்க்கவில்லை.

பிட்டுப் பார்த்த ஒன்று அத்தி. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழியே இருக்கிறது. அது பெரும்பாலும் புழு இல்லை, குளவி. கல்லாறு பக்கம் ஓடைக்கரை அத்தியில் ஒரு காயைப் பிளந்தால், இறக்கை இல்லாத, பார்வை மங்கின மஞ்சள் ஆண்களைக் காணலாம். அவை பெண்கள் வெளிவரும் முன்பே கூடிவிட்டு, பல ஆண்கள் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து வழி போடுகின்றன. பெண்கள் மகரந்தத்தோடு பறந்து போய்விடும், ஆண்களுக்கு அந்தக் காய்தான் உலகம், அங்கேயே முடிந்துவிடும். ஒரு காய்க்குள் நுழைந்த தாய்கள் ஒன்றிரண்டுதான் என்றால், உள்ளே இருப்பவை பெரும்பாலும் அண்ணன் தங்கைகள். அப்போது யார் முட்டை நிலைத்தாலும் குடும்பச் சொத்துதான் என்பதால் வழி தோண்டக் கூலி கேட்க வேண்டியதில்லை.

தேனீயில் இரண்டும் கலந்து கிடக்கிறது. ஆண் தேனீ பறக்கும்போதே கூடி, அந்த நொடியே செத்து விழுகிறது. ராணி சில நாட்களில் பல ஆண்களோடு கூடிவிட்டு, அந்த விந்தை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்துச் செலவு செய்கிறது. செத்தவனின் விந்தைத் தாங்கிக் காப்பாற்றுவதைவிடப் பெரிய ஒத்துழைப்பு என்ன இருக்கிறது? ஆனால் செத்தவனுக்கு அவளுடைய நாளை பற்றிக் கவலையும் இல்லை, அடுத்தவன் வரக் கூடாது என்பது மட்டும்தான். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீ இனத்தில், விந்துத் திரவம் ராணியின் பார்வையையே மங்க வைப்பதாகக் காட்டினார்கள். மறுபடி கூடப் பறந்து போனால் வழி தவறுகிற ஆபத்து கூடுகிறது. காதலுக்குக் கண் இல்லை என்று சொன்னவர்கள் இதை நினைத்துச் சொல்லவில்லை.

அக்காவிடம் நான் இதில் பாதியைத்தான் சொன்னேன், தைலம் வரைக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி. “அப்ப அந்தத் தைலத்தைத் தண்ணியில கலந்து கோஸ் மேல தெளிச்சா பூச்சி வராதுங்களா தம்பி?”

நல்ல கேள்விதான். பலிக்காது என்றேன், ஏனென்றால் அந்த வாசனையைக் கண்டு ஒதுங்குவது ஆண், இலையில் முட்டை வைக்க வருவது ஏற்கெனவே கூடி முடித்த பெண். அக்கா நம்பவில்லை. ஊட்டியில் வாங்கின பாட்டிலை எடுத்து வந்து இரண்டு கோஸின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். மறுநாள் காலை தைலம் விட்ட கோஸிலேயே, இலையின் அடியில், வெளிர் மஞ்சளாக மூன்று முட்டை ஒட்டியிருந்தது. மிச்சத் தைலத்தை அக்கா முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.